பழைய பிரேத வண்டிக்கு இரட்டைச் சைலன்சர்: கண்டிக்காரருக்குச் சில குறிப்புகள்

1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதி இறுகியதிலிருந்து இலங்கையில் பழைய வாகனத்தைக் கழித்துவிடும் பழக்கம் யாருக்கும் வந்ததில்லை. 1977க்குப் பிறகு கதவு திறந்தது. 2020 மார்ச்சில் மறுபடி மூடியது. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் ஒஸ்டின், மொரிஸ், ஹம்பர், பெஜோ எல்லாம் கராஜிலிருந்து வெளியே வந்தன. அவற்றோடு சேர்ந்து, மலர்ச்சாலைகளின் பின்கட்டில் தார்ப்பாய் போர்த்தி நின்ற பழைய பிரேத வண்டிகளுக்கும் மவுசு வந்தது. கண்ணாடிப் பக்கங்களும் செதுக்கிய மரவேலையும் உள்ள பழைய வண்டியில் போவதைக் கௌரவமாக நினைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அப்படி ஒரு வண்டியை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் பெயின்ட், குரோமியம், திரைச்சீலை முடிந்ததும் கேட்பது ‘பின்னால் இரண்டு குழாய் போடலாமா?’ என்பதைத்தான்.

போடலாம். ஆனால் பந்தயக் காருக்குப் போடுவதுபோல அல்ல. இந்த வண்டி நடைவேகத்தில் போகும், பின்னால் ஆட்கள் நடந்து வருவார்கள், உள்ளே பெட்டி இருக்கும். எந்தத் தீர்மானத்தையும் இந்த மூன்றையும் நினைத்தே எடுங்கள். பழைய மொரிஸோ ஒஸ்டினோ வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. முதலில் பொனட்டைத் திறந்து சிலிண்டரை எண்ணுங்கள். நான்கு சிலிண்டர் என்றால் இரட்டைக் குழாய் வெறும் அலங்காரம்தான். மொரிஸ் ஒக்ஸ்போர்டு, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் A55 ஆகியவற்றின் 1489 சிசி எஞ்சினுக்கு ஒழுங்கான ஒற்றைக் குழாயே தாராளம். ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின் (ஃபோர்ட் செபர், வொக்ஸ்ஹோல் வெலொக்ஸ், ஹம்பர் சுப்பர் ஸ்னைப் போன்றவை) என்றால் பலன் உண்டு. V8 என்றால் இரட்டைக் குழாய் அதற்கு இயல்பானது. ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் வந்த 1959ஆம் ஆண்டு மில்லர்-மீட்டியர் கடிலக்கைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், அதன் எஞ்சின் 6.4 லீற்றர் V8 என்பதையும் கவனத்தில் எடுக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு யாரோ எப்போதோ டீசல் எஞ்சின் மாற்றிப் போட்டிருந்தால் இரட்டைக் குழாய் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தை இன்ஜெக்டருக்குச் செலவழித்தால் புகையாவது குறையும்.

2. ஆறு சிலிண்டரைப் பிரிக்கும்போது முன் மூன்று ஒரு குழாய்க்கும் பின் மூன்று மறு குழாய்க்கும் போக வேண்டும். இவ்வகை எஞ்சின்கள் பெரும்பாலும் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் எரியும். எண்களைப் பாருங்கள்: முன் தொகுதி, பின் தொகுதி என்று மாறி மாறி வருகிறது. அதனால் ஒவ்வொரு குழாயிலும் புகை சம இடைவெளியில் போகும், ஒன்று மற்றதை முட்டாது. வேறு விதமாகப் பிரித்துத் தருவதாக எந்த பாஸ் சொன்னாலும், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

3. வார்ப்பிரும்பு மெனிபோல்டை அறுத்து ஒட்டுவது எல்லோருக்கும் கைவரும் வேலை அல்ல. சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டினால் முதல் ஏற்றத்திலேயே கீறல் விடும். நிக்கல் குச்சி, முன்கூட்டியே சூடாக்குதல், ஒட்டிய பின் சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிடுதல் என்ற மூன்றும் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். இரண்டு வாய் உள்ள மெனிபோல்ட் ஏதும் பழையதாகக் கிடைக்குமா என்று கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தபின் அறுப்பது நல்லது.

4. குழாயின் பருமனில் பேராசை வேண்டாம். 1¾ அங்குலக் குழாய் இரண்டின் வாய்ப்பரப்பு, 2½ அங்குலக் குழாய் ஒன்றின் வாய்ப்பரப்புக்கு ஏறத்தாழச் சமம். மூன்று லீற்றருக்கு உட்பட்ட எஞ்சினுக்கு இதற்கு மேல் தேவையில்லை. அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் புகையின் வேகம் குறைந்து, மெதுவாக ஏறும்போது இழுவை விழும். கடுகண்ணாவை ஏற்றத்தில் பெட்டியோடு இரண்டாம் கியரில் திணறும் வண்டிக்கு அதுவா வேண்டும்?

5. பழைய நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். காலையில் கழற்றுவதற்கு முன் அரைக்கால் சுற்று இறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்திப் பாருங்கள். துரு உடைந்து கொடுக்கும். திரும்பப் போடும்போது மெனிபோல்ட் ஸ்டட்டுகளுக்குப் பித்தளை நட்டு போட்டால், அடுத்த தடவை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

6. வண்டியை ஜக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள். கண்டியில் சமதரை முற்றம் வாய்த்த வீடு குறைவு. சில்லுகளுக்குக் கட்டை வைத்து, இரும்பு ஸ்டாண்ட் நான்கில் நிறுத்தியபின் போனால் போதும்.

7. அடியில் போனதும் பாதையைப் பாருங்கள். நம் வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம். அதன் பெட்டியும் தண்டும் இருக்கும் இடத்திலேயே வலக்குழாயும் இறங்கப் பார்க்கும். நீட்டிய செசி என்றால் நடுவில் ப்ரொப்பெல்லர் ஷாப்டின் நடுத்தாங்கி இருக்கும். பிரேக் குழாய், பெற்றோல் குழாய், பெற்றோல் தாங்கி இவற்றுக்கும் புகைக்குழாய்க்கும் இடையே இயன்ற அளவு தூரம் விட வேண்டும். இடமே இல்லாத இடத்தில் மெல்லிய அலுமினியத் தகட்டை, குழாயிலும் ஒட்டாமல் தரையிலும் ஒட்டாமல், நடுவில் காற்றுப் போகும்படி பொருத்துங்கள். பழைய பிரேத வண்டிகளின் பின்தளம் பலகை. அதன்மேல் உருளைகளும் வெல்வெட்டும். இரண்டு சைலன்சர்களின் சூடும் அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் சேரும்.

8. பெற்றோல் குழாய்க்குப் பக்கத்தில் சூடு கூடினால், மெதுவாக ஏறும்போது பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சின் நின்றுவிடும். ஊர்வலத்தின் நடுவே அப்படி நின்றால் ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். ஸ்டார்ட்டரை விடாமல் சுழற்றினால் பட்டரியும் போய்விடும்.

9. குழாயைப் பொருத்துமுன் பின்தளத்தில் 50 கிலோ சீமெந்து மூட்டை மூன்றை வைத்து, பின் இருக்கையில் இரண்டு பேரை ஏற்றிப் பாருங்கள். வெறும் வண்டியில் அளந்து பொருத்திய குழாய், பாரம் ஏறியதும் பின் அச்சில் இடிக்கும். அச்சுக்கு மேலே வளைந்து போகும் இடத்தில், பாரம் ஏற்றிய நிலையிலும் மூன்று அங்குல இடைவெளி இருக்க வேண்டும். ஹந்தானை, ஹீரஸ்ஸகல, அம்பிட்டிய பக்கத்து வீடுகளுக்கு இறங்கும் ஒழுங்கைகளில், நீட்டிய வண்டியின் நடுவயிறு திருப்பத்து மேட்டில் உரசும். ஆகவே சைலன்சரை இரண்டு அச்சுகளுக்கும் சரி நடுவில் தொங்கவிடாதீர்கள். சற்று முன்னாலோ பின்னாலோ தள்ளி, செசியின் விளிம்புக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

10. இரும்புக் குழாய் சூட்டில் நீளும். மூன்று மீற்றர் குழாய் 300 பாகை செல்சியஸ் சூடேறினால் சாதாரண இரும்பு சுமார் 1 செ.மீ.யும், 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு ஒன்றரை செ.மீ.யும் நீளும். எனவே செசியோடு இறுக்கி வெல்ட் பண்ணினால் எங்காவது ஒரு மூட்டு வெடிக்கத்தான் செய்யும். மெனிபோல்ட் பக்கம் மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், மற்ற இடமெல்லாம் ரப்பர் மாட்டி. பழைய டயரின் துணி கலந்த பட்டையை வெட்டி மாட்டியாகப் போடும் நம்மூர் வழக்கத்தை யாரும் கேலி செய்ய வேண்டாம், நன்றாகவே உழைக்கும்.

11. வளைக்கும் இயந்திரம் இல்லாத கராஜில் குழாய்க்குள் மணல் நிரப்பி, இரு வாயும் அடைத்து, சிவக்கக் காய்ச்சி வளைப்பார்கள். சுருக்கம் விழாமல் அழகாக வரும். ஆனால் மணலை முதலில் அகன்ற தாச்சியில் போட்டு நன்றாக வறுத்து ஈரம் போக்க வேண்டும். ஈரமணல் நீராவியாகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டுபோல வெளியே தள்ளும். மழைக்காலத்தில் மகாவலி ஆற்று மணலை அப்படியே அள்ளிப் போட்டு இந்த வேலையில் இறங்காதீர்கள்.

12. வெல்டிங் நாளில் திரைச்சீலை, வெல்வெட், நைலோன் பூமாலை எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். பட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். பெற்றோல் தாங்கிக்கு அருகே வெல்டிங் என்றால் தாங்கியை இறக்கித் தூர வைத்துவிட்டுத்தான் வேலை. பெற்றோல் தீர்ந்த தாங்கி, நிறைந்த தாங்கியைவிட ஆபத்து.

13. வால்முனைதான் இந்த வேலையில் மிக முக்கியம், பலர் கடைசியில் அவசரமாக முடிப்பதும் அதைத்தான். பெட்டி ஏற்றுவதும் இறக்குவதும் பின்கதவு வழியே. தூக்குபவர்கள் வேட்டியோடும் வெறுங்காலோடும் நிற்பார்கள். பம்பரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும் குரோம் முனை பார்க்க நன்றாயிருக்கும், கெண்டைக்காலைச் சுடும்போது தெரியும். அதற்காக முனையை வண்டிக்கு அடியிலேயே நிறுத்தவும் கூடாது. புகை தளத்துக்கு அடியில் தங்கி, இடுக்கு வழியே உள்ளே ஏறும். பம்பரின் வெளிவிளிம்போடு சரியாக நின்று, கீழ்நோக்கிச் சாய்ந்து, பின்கதவின் நடுவை விட்டு இரு மூலைகளுக்கும் ஒதுங்கி இருக்க வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் ஓரத்தில் நடப்பவர்கள் இடப்பக்கம்தான், ஆகவே இடது முனையை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தரையை நோக்கித் திருப்பலாம். இரண்டு முனைகளையும் வலப்பக்கமே கொண்டுபோய் விட்டவர்களும் உண்டு. அழகு குறையும், ஆனால் எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான். எப்படிச் செய்தாலும் பெட்டி ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். சாரதிக்கு இதைச் சொல்லிப் பழக்குங்கள்.

14. இரண்டு குழாய்களையும் கியர்ப் பெட்டிக்குச் சற்றுப் பின்னால் குறுக்குக் குழாய் ஒன்றால் இணைத்துவிடுங்கள். இரு பக்க அழுத்தமும் சமமாகி, மெதுவான ஓட்டத்தில் வரும் ‘பூம் பூம்’ முழக்கம் அடங்கும். சிறிய வேலை, பெரிய பலன்.

15. சைலன்சரில் பெரிய வயிறுள்ள, உள்ளே தடுப்பறைகளும் திரும்புபாதையும் கொண்ட பழைய ரகத்தையே வாங்குங்கள். கண்ணாடி நார் அடைத்த நேர்க்குழாய் ரகம் புதிதில் இனிமையாக இருக்கும், நார் எரிந்து பறந்ததும் அலறத் தொடங்கும். கண்டி நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணமாகக் கிடப்பதால் புகையும் எளிதில் வெளியேறாது, சத்தமும் அப்படித்தான். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நகரக் காற்றைப் பற்றிப் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். தோட்டத்துச் சாவீட்டில் தப்புச் சத்தம் இருக்கிறது, வண்டியும் சேர்ந்து உறும வேண்டியதில்லை.

16. சட்டப்பக்கம்: நம் நாட்டு வாகன வகைகளில் பிரேத ஊர்திக்குத் தனி இடம் உண்டு. பதிவுப் புத்தகத்தில் அப்படிப் பதிந்திருக்கிறதா, ஸ்டேஷன் வேகன் என்றே கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ தொடங்கியபின், சத்தம் போடும் சைலன்சர்கள்மீதும் அனுமதியில்லா மாற்றங்கள்மீதும் பொலிஸார் கைவைத்தார்கள். குழாயை வாங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வண்டியிலேயே வையுங்கள்.

17. இனி துரு. இரட்டைக் குழாய் போட்டவர்கள் பெரும்பாலும் எதிர்பாராத செலவு இது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 900 மில்லிலீற்றர் தண்ணீர் உருவாகி, ஆவியாகக் குழாய்க்குள் போகிறது. தூரப் பயணத்தில் சைலன்சர் நன்றாகக் காய்ந்து அது வெளியே போய்விடும். பிரேத வண்டியோ கட்டுக்கலையிலிருந்து மஹய்யாவ மயானம் வரை ஊர்ந்து போய், நின்று, ஊர்ந்து திரும்புகிறது. ஒற்றைக் குழாயே சரியாகக் காயாது. இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிச் சூடுதான். உள்ளே தண்ணீர் தங்கி, அமிலம் சேர்ந்து, வெளியே பளபளப்பாக இருக்கும் சைலன்சர் உள்ளிருந்து அரிக்கும்.

இதற்குச் செய்ய வேண்டியவை: சைலன்சரின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். அதனால் சத்தம் கூடாது. சாதாரண இரும்புக்குப் பதில் அலுமினியம் பூசிய எஃகோ, வசதி இருந்தால் 304 ரகமோ வாங்குங்கள். 409 ரகம் மேலே பழுப்பேறும், ஆனால் தாங்கும். மாதம் ஒரு தடவை வண்டியைத் தெல்தெனிய பக்கமோ கம்பளை பக்கமோ அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். ‘சும்மா ஸ்டார்ட் பண்ணி விட்டால் போதும்’ என்று முற்றத்தில் பத்து நிமிடம் ஓடவிடுவது, தண்ணீரை நிரப்பிவிட்டு மூடிவைப்பதுதான்.

18. கசிவு பார்க்க: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூட்டுகளில் சன்லைட் சவர்க்கார நுரையைத் தூரிகையால் தடவி, ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த ஈரச்சாக்கால் இரு முனைகளையும் ஒரு கணம் அழுத்தட்டும். குமிழி வரும் இடம் கசிவு. மெனிபோல்ட் கேஸ்கட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். முதல் ஓட்டம் ஓடி, முழுதும் ஆறியபின் இன்னொரு தடவை.

19. இறக்கத்தில் காலை எடுத்ததும் ‘டப் டப்’ என்று வெடித்தால் எங்கோ ஒரு மூட்டில் வெளிக்காற்று நுழைகிறது என்று அர்த்தம். எரியாமல் வந்த பெற்றோல் குழாய்க்குள் அந்தக் காற்றோடு சேர்ந்து எரிகிறது. மஹியங்கனை பாதையின் பதினெட்டு வளைவில் இது நடந்தால், பின்னால் வரும் உறவினர் வானில் அழுகை நின்று சிரிப்பு வந்துவிடும்.

20. குழாய் மாறினால் காபரேட்டரையும் பார்க்க வேண்டும். புகை எளிதாகப் போவதால் கலவை மெலியலாம். மெலிந்த கலவை ஏற்றத்தில் வால்வைச் சுடும். ஈயமில்லாப் பெற்றோலுக்கு 2002இல் நாடு முழுக்க மாறியதிலிருந்து பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்கு ஏற்கெனவே சோதனைக் காலம்தான். நீண்ட ஏற்றம் ஒன்று ஏறி, உடனே எஞ்சினை நிறுத்தி, ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். பால் தேநீர் நிறம் என்றால் சரி. வெள்ளை என்றால் மெலிவு, கறுப்புக் கரி என்றால் தடிப்பு.

21. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனை 2008 முதல் வழக்கம். குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவுகள் தாறுமாறாகும். குறுக்குக் குழாய் இல்லாவிட்டால் இரு முனையும் இரு விதமாகக் காட்டக்கூடும். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி ஓட்டிக்கொண்டே நிலையத்துக்குப் போங்கள், குளிர்ந்த எஞ்சினோடு வரிசையில் நிற்காதீர்கள்.

22. புதுக் குழாய் முதல் அரை மணி நேரம் எண்ணெய் எரிந்து வெள்ளைப் புகை விடும், நாறும். இதைத் திறந்த வெளியில் முன்கூட்டியே முடியுங்கள். சாவீட்டு வாசலில் முதல் ஓட்டம் வேண்டாம்.

23. வழியில் சைலன்சர் ஓட்டை விழுந்தால்: பிஸ்கட் டின்னின் தகட்டை வெட்டி, ஓட்டைமேல் சுற்றி, இரண்டு கிளிப்போ கட்டுக்கம்பியோ போட்டு இறுக்குங்கள். தகட்டுக்கு அடியில் சைலன்சர் பசை தடவினால் இன்னும் நல்லது. அலுமினியக் குளிர்பான டின் சூட்டில் உருகக்கூடும். எதுவாயினும் வீடு திரும்பும் வரைக்கும்தான்.

24. பின்கதவு ரப்பரை மாற்றாமல் இத்தனையும் செய்து பயனில்லை. நீண்ட, பின்புறம் தட்டையான வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, தன் புகையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. கதவை மூடி இடுக்கில் ஒரு தாள் வைத்து இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவி வந்தால் ரப்பர் போய்விட்டது. தளப்பலகையின் ஆணித்துளைகள், வயர் போகும் துளைகள் எல்லாவற்றையும் அடையுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருபவர் தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றால் அது துக்கத்தால் என்று விட்டுவிடாதீர்கள். வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, அவரை வெளியே காற்றுக்குக் கொண்டுவாருங்கள். தெளியவில்லை என்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு. குழாயைச் சரிபார்க்கும் வரை அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள்.